பலகையில் சிரித்த பெண்ணுக்காக ஒரு மைக்

கலிபோர்னியாவின் நடுக் கடற்கரைப் பகுதியில் அரோயோ கிராண்டே என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வக்கீல் ஆபீஸ் வாசலில் 20 வருடத்துக்கும் மேலாக ஒரு விளம்பரப் பலகை நின்றது. சிரித்த முகத்தோடு ஓர் இளம்பெண். காணவில்லை என்ற அறிவிப்பு. தகவல் தருபவருக்கு 75,000 டாலர் வெகுமதி. பெயர் கிறிஸ்டின் ஸ்மார்ட்.

அந்தப் பலகையைப் பார்த்தபடியே வளர்ந்தவர்களில் ஒருவர் கிறிஸ் லாம்பர்ட். தெற்கே ஆர்கட் என்ற ஊர்க்காரர். கிறிஸ்டின் காணாமல் போனபோது அவருக்கு 8 வயது. வளர்ந்து, பாட்டெழுதிப் பாடுபவர் ஆனார், ஒலிப்பதிவும் தெரியும். பத்திரிகை வேலை பார்த்தவர் இல்லை, காவல்துறையிலும் இருந்ததில்லை. ஆனாலும் பலகை கண்ணில் படும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: இந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது? கடைசியில் மைக்கை எடுத்துக்கொண்டு அவரே கேட்கக் கிளம்பிவிட்டார். 2019 செப்டம்பர் 30 அன்று ‘யுவர் ஓன் பேக்யார்ட்’ பாட்காஸ்டின் முதல் எபிசோட் வெளியானது. உங்கள் சொந்தக் கொல்லைப்புறம் என்று பொருள். மூன்று வருடம் கழித்து ஒரு நீதிமன்றத்தில் கொலைத் தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது, அந்த நிகழ்ச்சியைப் பேசாமல் யாராலும் அந்த வழக்கைப் பேச முடியவில்லை.

நிஜக் குற்றக் கதை பாட்காஸ்ட்கள் இன்று கணக்கில்லாமல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை என்னால் பத்து நிமிடம் தாண்டிக் கேட்க முடிவதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து அரட்டை அடித்துச் சிரித்துக்கொண்டே, யார் வீட்டுப் பெண்ணோ வெட்டுப்பட்டுச் செத்ததைச் சொல்வார்கள். நடுவில் மெத்தை விளம்பரம் வரும். அதில் எனக்கு உடன்பாடே இல்லை. லாம்பர்ட்டின் நிகழ்ச்சியில் நான் நின்று கேட்டதற்குக் காரணம், அவர் முதலில் கிறிஸ்டினைப் பற்றிச் சொன்னார். கொலையைப் பற்றி அப்புறம்தான் பேசினார்.

ஆறடிக்கு மேல் உயரம். நீச்சல் அவளுக்கு உயிர். குளத்தில் உயிர்காப்பாளர் வேலை பார்த்தவள். ஹவாயில் கோடை முகாமில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். அப்பா ஸ்டான், அம்மா டெனிஸ் இருவரும் ஆசிரியர்கள்; வீடு ஸ்டாக்டனில். 19 வயதில் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பாலி பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படித்தாள். 1996 மே 24, வெள்ளிக்கிழமை இரவு. மூன்று நாள் விடுமுறை தொடங்குகிறது. கல்லூரிக்கு வெளியே ஒரு வீட்டில் பார்ட்டி. நள்ளிரவு தாண்டி, பக்கத்து வீட்டுப் புல்தரையில் அவள் நினைவின்றிக் கிடந்ததை இரண்டு மாணவர்கள் பார்த்துத் தாங்கிப் பிடித்து விடுதிக்கு நடத்திப் போனார்கள். வழியில் மூன்றாவதாக ஒருவன் சேர்ந்துகொண்டான். பால் ஃப்ளோரஸ். மற்ற இருவரும் தத்தம் வழியில் பிரிய, “நான் கொண்டுபோய் விடுகிறேன்” என்றவன் அவன்தான். அதன்பிறகு கிறிஸ்டினை யாரும் பார்க்கவில்லை.

அடுத்து நடந்ததைப் படிக்கும்போது வயிறு எரியும். விடுதித் தோழிகள் தேடித் தவித்துச் சொல்லியும், விடுமுறைக்கு எங்காவது போயிருப்பாள் என்று வளாகக் காவல்துறை முதல் நாட்களை வீணாக்கியது. அவர்கள் எழுதிய முதல் அறிக்கையோ காணாமல் போனவளின் குணத்தை எடைபோட்டது: குடித்திருந்தாள், பல ஆண்களோடு பேசினாள், அவள் போக்கில் வாழ்பவள் என்று. ஃப்ளோரஸின் கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கன்றியிருந்தது. கூடைப்பந்து ஆடியபோது பட்ட அடி என்றான். பிறகு வண்டியில் ஸ்டீரியோ மாட்டும்போது இடித்துக்கொண்டேன் என்று மாற்றிச் சொன்னான். கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் வழக்கைக் கையில் எடுத்தபோது ஒரு மாதம் ஓடிவிட்டது. பிண வாடை பிடிக்கும் நாய்கள் அவன் விடுதி அறையில் நின்று குறிகாட்டின. ஆனால் அதற்குள் பருவம் முடிந்து, அறை காலியாகி, சுத்தமும் செய்யப்பட்டிருந்தது. உடல் இல்லை. வழக்கும் நகரவில்லை. 1998-ல் கிறிஸ்டின் பெயரிலேயே ஒரு கலிபோர்னியச் சட்டம் வந்தது: கல்லூரி வளாகக் காவலர்கள், வன்குற்றங்களை யார் விசாரிப்பது என்று உள்ளூர்க் காவல்துறையோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பெண் போன பிறகு வந்த சட்டம். 2002-ல் அவள் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது. பலகை மட்டும் அதே இடத்தில் நின்றது.

கேட்பதுதான் வேலை

பாட்காஸ்ட் தொகுப்பாளர் என்றதும் குரலைத்தான் நினைக்கிறோம். நல்ல கட்டைக்குரல், நிறுத்தி நிதானமாகப் பேசும் பாணி. லாம்பர்ட்டுக்கும் அமைதியான குரல்தான். ஆனால் அவர் செய்ததில் பெரும்பங்கு கதவைத் தட்டியதும், போன் செய்ததும், எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்ததும்தான்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அரோயோ கிராண்டேயிலும் அப்படித்தான். ஃப்ளோரஸ் அந்த ஊர்ப் பையன். அம்மா, அப்பா இருவருக்கும் அங்கேதான் வீடு. ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. ஒருவர் ஒன்றைப் பார்த்திருந்தார், இன்னொருவர் ஒன்றைக் கேட்டிருந்தார். பலர், இது போலீஸுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார்கள். சிலர் சொன்னார்கள், சொன்னது எங்கோ கோப்பில் தூங்கியது. அவற்றையெல்லாம் ஒரே வரிசையில், தேதிப்படி, அவரவர் வாயாலேயே சொல்ல வைத்து அடுக்கியபோதுதான் ஊருக்கே தன் கதை முழுசாகக் காதில் விழுந்தது.

ஒன்றைச் சொல்கிறேன். ஃப்ளோரஸின் அம்மாவுக்குச் சொந்தமான வீட்டில், கிறிஸ்டின் காணாமல் போன சில மாதங்களில் வாடகைக்கு வந்த ஒரு பெண் சொன்னது. விடியற்காலையில் கொல்லைப்புறம் எங்கிருந்தோ கைக்கடிகார அலாரம் போல ‘பீப் பீப்’ என்று ஒரு சின்னச் சத்தம். தினமும் அதே நேரம், 4.20 மணி. தேடிப் பார்த்தும் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. சில காலத்தில் நின்றுபோனது. கிறிஸ்டினுக்கு அதிகாலை நீச்சல் குளப் பணி. எழுந்திருக்க அவள் கைக்கடிகாரத்தில் வைத்திருந்த அலாரம் 4.20. அதே பெண் அந்த வீட்டில் ஒரு காதணியையும் கண்டெடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தார், அது தொலைந்துபோனது.

இதைப் படித்தாலும் திக்கென்றுதான் இருக்கும். காதில் கேட்பது வேறு மாதிரி. இருட்டில், ஹெட்போனில், அந்தச் சம்பவம் விரியும்போது நான் எழுந்து விளக்கைப் போட்டேன். அந்தக் கொல்லைப்புறத்திலும் கிறிஸ்டின் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பேட்டி எடுத்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் போட்டு, கொடுத்த காபியை ஆற்றிக் குடிக்கும்போதுதான், “அப்புறம் இன்னொண்ணு சொல்லணும்” என்று ஆரம்பிப்பார்கள். ஒரு மணி நேரம் நாம் கேட்ட கேள்விக்கெல்லாம் வராத சேதி அங்கே வரும். எனக்கு எத்தனையோ முறை நடந்திருக்கிறது. தினசரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் காபி நேரம்கூட கிடைப்பதில்லை. அடுத்த செய்தி காத்திருக்கும். தனி ஆளாகப் பாட்காஸ்ட் செய்பவரிடம் பணம் இருக்காது, ஆள்பலம் இருக்காது, பெயர் சொன்னால் கதவு திறக்கும் நிறுவனம் இருக்காது. அவரிடம் இருக்கும் ஒரே முதல், நேரம். ஒரே ஆளிடம் நான்காவது முறை போய் உட்கார அவரால் முடியும். காவலரின் சீருடை இல்லை என்பதும் ஒரு வசதி: ஸ்டேஷன் படியேறப் பயந்தவர்கள் இவரிடம் வாய்திறக்கிறார்கள்.

2019-ல் ஒரு பெண் அப்படி முன்வந்தார். 1996 கோடையில், பதின்வயதில், நண்பர்களோடு சறுக்குப்பலகை விளையாடும் இடத்தில் இருந்தபோது, கிறிஸ்டினை ஒரு சறுக்குமேடைக்குக் கீழே போட்டுவிட்டதாக ஃப்ளோரஸ் தன் காதுபடச் சொன்னான் என்றார். பிறகு நீதிமன்றத்திலும் அதையே சாட்சியமாகச் சொன்னார். இத்தனை வருடம் ஏன் போலீஸிடம் போகவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவரைத் துளைத்தார்கள். நியாயமான கேள்விதான். பயந்துபோய்ப் பல வருடம் வாய்மூடி இருந்தவர்களை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் பதிலும் தெரியும். பாட்காஸ்டால் ஒரு சாட்சி முன்வந்தார் என்று ஷெரிஃப் இயன் பார்கின்சன் 2021-ல் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

இன்னொரு காதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் ஃப்ளோரஸ் குடும்பத்தின் தொலைபேசிகளை நீதிமன்ற அனுமதியோடு காவல்துறை ஒட்டுக்கேட்டது. ஓர் அழைப்பில் அம்மா மகனிடம் அந்தப் பாட்காஸ்டைக் கேட்கச் சொல்கிறார். எங்கே ஓட்டை போடலாம் என்று பார்க்க வேண்டும், அதைச் சொல்லக்கூடியவன் நீதான் என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். அரசுத் தரப்பு இந்த உரையாடலை ஃப்ளோரஸுக்கு எதிராகவே எடுத்துவைத்தது. வீட்டு மூலையில் உட்கார்ந்து ஒருவர் பதிவு செய்து வெளியிட்ட குரல், குற்றம் செய்தவனின் வீட்டுக்குள் போய், அங்கிருந்து வேறொரு பதிவாக நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது.

கத்தரிக்கோல் யார் கையில்

தனியாகப் பாட்காஸ்ட் செய்யும் பலருக்கு ஸ்டூடியோ என்பது துணி அலமாரிதான். தொங்கும் சட்டையும் போர்வையும் எதிரொலியைக் குடித்துவிடும். ஒரு மைக், ஒரு லேப்டாப், எடிட்டிங் மென்பொருள். இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் அந்த அலமாரிக்குள் உட்கார்ந்திருப்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை, ஒருமுறையாவது ஒலித்துண்டை வெட்டிப் பார்த்தவர்களே உணர்வார்கள்.

ஒரு சாட்சி பேசுகிறார். “அன்னைக்கு ராத்திரி அவனைப் பார்த்தேன்” என்கிறார். ‘பார்த்தேன்’ என்பதற்கு முன் இரண்டு விநாடி மௌனம். அந்த மௌனத்தை வெட்டிவிட்டால் உறுதியாகச் சொல்வது போலக் கேட்கும். அப்படியே விட்டால் தயங்குவது போலக் கேட்கும். அதன்கீழே மெல்லிய தந்தி இசையை ஓடவிட்டால், அவர் எதையோ மறைக்கிறார் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார். மூன்றிலும் சொற்கள் ஒன்றுதான். நாளிதழில் துணை ஆசிரியர் ஒருவர், செய்தி ஆசிரியர் ஒருவர், பெரிய விவகாரமானால் வக்கீலும் பார்ப்பார். தனி ஆளிடம் “இதை வெளியிடாதே” என்று சொல்ல யாருமில்லை. அவரே நிருபர், அவரே ஆசிரியர், இசையும் அவரே.

அதனால் இந்த வேலைக்கு வருபவர்களிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது, எதை வெளியிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். கேள்விப்பட்டதை எல்லாம் சொல்லிவிடுவது சுலபம். வதந்தியில் அடிபட்ட ஒரு பெயரை ஒலிபரப்பினால், அந்த ஆள் குற்றமற்றவர் என்று பிறகு தெரிந்தாலும் அந்தக் குரல் இணையத்தில் நின்றுவிடும். கேட்பவர்கள் தாங்களே துப்பறிவாளர்களாகி அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆஸ்திரேலியாவில் ‘தி டீச்சர்ஸ் பெட்’ என்றொரு நிகழ்ச்சி 2018-ல் வந்தது. பின்னால் ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழே இருந்தது. செய்தவர் அனுபவமிக்க நிருபர் ஹெட்லி தாமஸ். 1982-ல் சிட்னியில் காணாமல் போன லினெட் டாசனின் கதை. 2018 டிசம்பரில் கணவர் கிறிஸ் டாசன் கைதானார். கைதான பிறகு, நியாயமான விசாரணைக்குப் பங்கம் வரக்கூடாது என்று 2019-ல் ஆஸ்திரேலியாவில் அந்த நிகழ்ச்சியையே எடுத்துவிட வேண்டியிருந்தது. ஜூரி இல்லாமல், நீதிபதி ஒருவரே விசாரித்து 2022 ஆகஸ்டில் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தாரா கிரின்ஸ்டெட் என்ற ஆசிரியை 2005-ல் காணாமல் போனதைத் தேடி, பேய்ன் லிண்ட்சி என்ற இளைஞர் 2016-ல் ‘அப் அண்ட் வேனிஷ்டு’ தொடங்கினார். அடுத்த வருடமே கைதுகள் நடந்தன. உலகமே கைதட்டியது. ஆனால் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரை 2022-ல் ஜூரி கொலையிலிருந்து விடுவித்துவிட்டது; மரணத்தை மறைத்த குற்றம் மட்டும் நின்றது. கைதோடு கதை முடிந்ததாக நினைத்தவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

லாம்பர்ட்டின் விஷயத்திலும் இந்த ஆபத்து நிஜமாகவே வாசல்வரை வந்தது. 2021 மார்ச்சில், அப்பா ரூபன் ஃப்ளோரஸின் வீட்டில் தரையைத் துளைத்துப் பார்க்கும் ரேடாரோடும் நாய்களோடும் தேடினார்கள். வீட்டின் மரத்தளத்துக்குக் கீழே மண் கலைந்திருந்த இடத்தில் மனித ரத்தத்துக்கான அறிகுறி கிடைத்தது. டிஎன்ஏ எடுக்க முடியவில்லை. ஏப்ரல் 13 அன்று மகன் கொலைக்காகவும், தந்தை உடலை மறைக்க உதவியதற்காகவும் கைதானார்கள். அந்த வாரம் நிகழ்ச்சியின் பதிவிறக்கம் 75 லட்சத்தை எட்டியிருந்தது. நிகழ்ச்சி அவ்வளவு பரவியிருந்த கவுண்டியில், எதையும் கேட்காத ஜூரியை எங்கே தேடுவது? எதிர்த்தரப்பு கேட்டுக்கொண்டபடி வழக்கு சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே, சாலினாஸுக்கு மாற்றப்பட்டது. ஊரார் தங்கள் ஊர் வழக்கைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதாயிற்று. அதை இழப்பு என்று சொல்வேன். ஆனால் நியாயமான இழப்பு.

2022 ஜூலை 18 அன்று விசாரணை தொடங்கியது. ஒரே அறையில் இரண்டு ஜூரிகள்: மகனுக்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. மூன்று மாதம் நடந்தது. லாம்பர்ட் அங்கே போய் உட்கார்ந்து கவனித்து, கேட்டதைத் தன் நேயர்களுக்குச் சொல்லிவந்தார். கிறிஸ்டின் காணாமல் போய்ப் பல வருடம் கழித்து ஃப்ளோரஸ் தங்களுக்குப் போதை மருந்து கொடுத்து வன்புணர்ந்ததாக இரண்டு பெண்கள் சாட்சி சொன்னார்கள். அதைக் கேட்ட எந்தப் பெற்றோருக்கும் மனம் வெந்துபோகும்: 1996-ல் ஒழுங்காக விசாரித்திருந்தால்?

அக்டோபர் 18. பால் ஃப்ளோரஸ் முதல்நிலைக் கொலைக் குற்றவாளி. ரூபன் ஃப்ளோரஸ் குற்றமற்றவர்.

இந்த இரண்டாவது வரியை அழுத்தமாகவே எழுதுகிறேன். பாட்காஸ்டைக் கேட்டவர்களில் பலர் அப்பாவுக்கும் மனதுக்குள் தண்டனை எழுதிவிட்டிருந்தார்கள். நானும் எழுதியிருந்தேன். மூன்று மாதம் எல்லாச் சான்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த பன்னிரண்டு பேர் அதை ஏற்கவில்லை. ஹெட்போனில் கேட்டு வந்த உறுதிக்கும் சாட்சிக்கூண்டில் நிற்கும் உண்மைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதை அந்தத் தீர்ப்பு எனக்குக் காட்டியது. அதற்கப்புறம் நான் எந்தப் பாட்காஸ்டையும் பழைய மாதிரி கேட்பதில்லை.

அப்படியானால் லாம்பர்ட் செய்ததில் எது மதிப்பு? வழக்கை அவர் கண்டுபிடித்தார் என்று எழுதுவது எளிது, ஆனால் அது தவறு. சந்தேகத்துக்குரியவன் யார் என்று 1996-லேயே எல்லோருக்கும் தெரியும். காவல்துறையின் வேலை காவல்துறைக்கு, வக்கீல்களின் வேலை வக்கீல்களுக்கு. உடல் கிடைக்காத கொலையை நிரூபித்ததில் அரசு வக்கீல் கிறிஸ் பூவ்ரெலின் உழைப்பு பெரியது. லாம்பர்ட் செய்தது, சிதறிக்கிடந்த ஊரின் நினைவை ஒரே இடத்தில் கூட்டியது. மறக்கத் தொடங்கியவர்களை மறக்கவிடாமல் செய்தது. அதோடு, ஸ்டானும் டெனிஸும் தங்கள் மகளை அடையாளம் கண்டுகொள்ளும்படி அவளைப் பற்றிப் பேசியது. வளாகக் காவலர்களின் முதல் அறிக்கையில் இருந்த பெண்ணை எந்தத் தாய்க்கும் அடையாளம் தெரிந்திருக்காது. பாட்காஸ்டில் வந்த கிறிஸ்டினைத் தெரிந்தது. குடும்பம் அவருக்கு வெளிப்படையாகவே நன்றி சொன்னது.

2023 மார்ச் 10 அன்று தண்டனை அறிவிக்கப்பட்டது: 25 வருடம் முதல் ஆயுள் வரை. அந்த மே மாதம், பல்கலைக்கழகத் தலைவர் ஜெஃப்ரி ஆம்ஸ்ட்ராங் குடும்பத்திடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 27 வருடம் ஆகியிருந்தது.

இதை எழுதும்போது எனக்கு ஸ்டானும் டெனிஸும்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள். தண்டனை வாங்கியவன் சிறைக்குப் போய்விட்டான். ஆனால் மகளை எங்கே புதைத்தான் என்று அவன் சொல்லவில்லை. ஒரு பிடி மண் போடவும் ஒரு பூ வைக்கவும் ஓரிடம் வேண்டும் அவர்களுக்கு. அந்த ஒரு தகவலை யாரோ ஒருவர் எங்கேயோ வைத்துக்கொண்டிருக்கக்கூடும். ரெக்கார்டர் அணைந்த பிறகு சொல்வதற்காக.